ரெட்டை இஞ்சின் மாப்பிள்ளை

அப்பாவின் தாடையில் வழிந்த சாமைக் கஞ்சியை அத்தாயி துடைத்துக்கொண்டிருந்தபோது, வரப்பில் அவள் புருசன் மாணிக்கம் தலைதெறிக்க ஓடிவந்தான். புளியஞ்சோலையிலிருந்து ஒரே மூச்சாக மலையேறியதில் காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“மாமா! மாத்திட்டாங்க மாமா!”

பத்து நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த அண்ணாமலை வாயைத் திறந்தார்.

“எல்லாத்தையுமா, மாப்புள்ள?”

“பதினொண்ணையுமுங்க. பழசு ஒண்ணுகூட இல்ல.”

உலகச் சண்டை தொடங்கிய வருசம் மாணிக்கத்தைக் கீழே விமானத் தளத்து வேலைக்கு அனுப்பியதே அண்ணாமலைதான். பட்டாளத்துப் பையன்கள் ரெட்டை இஞ்சின் ஓட்டிப் பழகுகிற விமானங்கள் அங்கே இருந்தன. மரச்சட்டம் இற்றுப்போய், துணி ஒட்டுப்போட்ட கிழங்கள். பழுது பார்த்தவனும் கூட ஏறிப் பறக்க வேண்டும் என்பது அங்கத்திய சட்டம். போன மாசியில் ஒன்று சோளக்காட்டில் விழுந்தது. மாணிக்கம் கை முறிவோடு தப்பினான். ‘எம் பேச்சக் கேட்டுத்தானே போனான்’ என்று அன்றைக்குப் படுத்தவர்தான் அண்ணாமலை. வைத்தியர் இரண்டு முறை அவர் சாவுக்கு நாள் குறித்தார்.

“அந்தக் கெழட்டு விமானத்த ஒழிக்காம நான் சாவமாட்டேன், போய்யா” என்று இரண்டு முறையும் அண்ணாமலை வைத்தியரைத் திருப்பி அனுப்பினார்.

இப்போது மெல்லக் கேட்டார். “புதுசுல ஒரு இஞ்சின் நின்னுபோனா?”

“பழசுன்னா எறங்கிருமுங்க. இது ஒத்த இஞ்சின்லயே மேல ஏறுது. நேத்து நானே உள்ள ஒக்காந்து போனேன்.”

“பயந்தியா?”

“இல்லீங்க. தூங்கிட்டேன்.”

அண்ணாமலை விலா குலுங்கச் சிரித்தார். மாசிக்குப் பிறகு அத்தாயி கேட்கும் முதல் சிரிப்பு.

“கண்ணு, மாப்புள்ளைக்குக் கோழி அடி. எனக்கும் ஒரு வாய் சாறு குடு.”

சாற்றை உறிஞ்சி, “உப்புக் கம்மி” என்றார். பொழுது சாயுமுன் மூச்சு நின்றது. உதட்டில் சாறு காயவில்லை.

மறுநாள் காலை மலைமேல் பைல் நாட்டு ஊர்களிலிருந்து உறவெல்லாம் மேளத்தோடு வந்து இறங்கியது. மாணிக்கம் பூட்சைக்கூடக் கழற்றாமல் ஆடினான்.

“சொன்ன சொல்லுத் தவறாத எங்கப்பா, சேதி கேட்டுப் போனீங்களே” என்று ஒப்பாரியை எடுத்த அத்தாயிக்கு அடுத்த அடி வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அத்தை மாராயி அவள் தொடையைக் கிள்ளினாள்.

“ஊரு பாக்குது, அழுவு புள்ள.” சொல்லிவிட்டு அவளும் வாசலைப் பார்த்தாள். “ஆனா ஆடறதப் பாரேன், நம்ம ரெட்ட இஞ்சின் மாப்புள்ளைய!” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் ஓடையில் இறங்கினார்கள். மாணிக்கம் ஒரு கை தண்ணீரை அள்ளி அத்தாயியின் முகத்தில் அடித்தான்.

“ஏனுங்க, சாவு ஊட்டுல!”

அவளும் அள்ளி அடித்தாள். கரையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். அடியில் தண்ணீர் சில்லென்றிருந்தது. மேலே மேளம் இன்னும் கேட்டது.