நிஜ வயிறு

போலீஸ் தடுக்கில் பாய்ந்தால் சாராயக்காரன் கோலத்தில் பாய்வான். கல்வராயன் மலையில் காய்ச்சியதைக் கீழே இறக்க அவனுக்கு வழியா இல்லை? பால்கேனில் கொண்டுவந்தான், போலீஸ் கேனுக்குள் கைவிட்டுத் துழாவியது. லாரி ட்யூபில் ஊற்றி வைக்கோலுக்குள் ஒளித்தான். கம்பியால் குத்திப் பார்த்தார்கள். கடைசியில் பெண்பிள்ளைகள் வயிற்றில் ட்யூபைக் கட்டி, பிள்ளைத்தாய்ச்சி என்று பஸ் ஏற்றிவிட்டான் படுபாவி. அதற்காகவே கச்சிராயபாளையம் செக்போஸ்ட்டில் பெண் போலீஸ் அம்சவள்ளியைப் போட்டார்கள்.

வந்த முதல் வாரத்திலேயே பதினோரு பொய் வயிற்றைப் பிடித்தாள். பன்னிரண்டாவதாக வந்தவள் செல்லியம்மாள், மலையடிவாரத்துக் கூலிக்காரி. வயிற்றில் கைவைத்ததுமே உள்ளிருந்து ஓர் உதை விழுந்தது. அம்சவள்ளிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சீ, இதென்ன பிழைப்பு என்று கையை இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து செல்லியம்மாள் எதில் வந்தாலும் சோதிப்பதில்லை. "பாத்துப் போம்மா" என்று விட்டுவிடுவாள்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. ரோடெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஜீப்பும் ஆட்களும் பந்தோபஸ்துக்குப் போய்விட, செக்போஸ்ட்டில் மிஞ்சியது அம்சவள்ளியும் ஏட்டு கந்தசாமியும்தான்.

ஒருநாள் மத்தியானம் மாட்டுவண்டி ஒன்று வந்தது. வைக்கோல் மேல் செல்லியம்மாள் இடுப்பு வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம். சீக்கிரம் கட்டையத் தூக்குங்க" என்று அவசரப்படுத்தினான் வண்டிக்காரன் சின்னதுரை.

ஏட்டு தடுப்புக் கட்டையைத் தூக்க ஓடினார். அம்சவள்ளி வண்டியில் ஏறி, செல்லியம்மாள் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுக்கக் குனிந்தாள். ஊன்றிய கை வைக்கோலுக்குள் அமுங்கியது. தளதளவென்று ரப்பர். அப்படியென்றால், இத்தனை நாளும்? பாவம் என்று அனுப்பிவைத்த ஒவ்வொரு தடவையுமா? அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"எறக்குடா எல்லாத்தையும்!"

சின்னதுரை நிதானமாக நுகத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்த்தான்.

"எறக்கிக்கோங்க. சரக்கு இல்லாம என் வண்டி நவுராது. மரம் கெடக்கற ரோட்டுல வேற வண்டியும் வராது. இந்தப் பொண்ணுக்கு இன்னா ஆனாலும் உங்க தலையிலதான் வுடியும்."

"வுட்டுடும்மா, ரெண்டு உசுரு" என்றார் கந்தசாமி.

விடுவதா? இன்றைக்கு விட்டால் நாளைக்கு ஊரிலுள்ள பிள்ளைத்தாய்ச்சிகளையெல்லாம் ட்யூப் மேல் படுக்கவைப்பான். நிறுத்திவைத்தால் இவள் செத்துப்போவாள். இரண்டும் நடக்காது என்று அம்சவள்ளி பல்லைக் கடித்தாள். ஆறு ட்யூபையும் இழுத்து ரோட்டில் தள்ளினாள்.

"ஏட்டய்யா, இவனப் புடிச்சி உள்ள உக்கார வைங்க."

தானே மாடுகளை நுகத்தில் பூட்டினாள்.

"என் கைக்குத்தாங்க அதுங்க அடங்கும்" என்று இளித்தான் சின்னதுரை.

"மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு வண்டி ஓட்டுனவடா நானு! போடா!"

காக்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். மரம் கிடந்த இடங்களில் வண்டியை வயலில் இறக்கினாள். சேற்றில் சக்கரம் மாட்டியபோது மறியலில் இருந்தவர்களே ஓடிவந்து தோள் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் சொன்னதும் அம்சவள்ளி அழுதேவிட்டாள். செல்லியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நாளைக்குக் காலைல செக்போஸ்ட்டுக்கு ஒரு பாடை வரும். அதுக்கு அடியிலயும் ட்யூபு இருக்கும். என்ன வண்டியில ஏத்தறப்பவே சாராயக்காரங்க பேசிக்கினாங்க."

"பொய்ப் பொணமா?"

"நெசப் பொணந்தான்க்கா. எங்க மாமனாரு. இன்னிக்குக் காலைலதான் செத்தாரு. அவங்களுக்குப் பயந்துகினு எங்க வூட்ல யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க." பிடித்த கையை அவள் விடவில்லை. "என்ன மக மாதிரி வச்சிருந்தாருக்கா. அவர ரோட்டுல பொரட்டிப் போட்டுடாதீங்க."

அம்சவள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானே மாலை போட்டுக் கும்புடுறேன் செல்லி. ஆனா, அப்புறம் கை வைப்பேன்."