பச்சைப் புள்ளி

நான் வடக்கே ஒரு ஆபீஸ் கேன்டீனில் முப்பது வருஷம் சமைத்தவன். டப்பாவில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்பார்கள். அந்தப் புள்ளியை அச்சடிக்கிறவனை நான் நம்பியதே இல்லை.

ஐப்பசியில் என் பெண்டாட்டி ருக்குவுக்கு வயிற்றில் ஆபரேஷன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பில் சத்து ஏறாவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டை என்ற பேச்சையே அவள் காதில் வாங்கவில்லை. காலேஜில் பயாலஜி நடத்தும் எங்கள் பெண் ரோஹிணி ஒரு டப்பா பச்சைப் பொடி கொண்டுவந்து மோரில் கரைத்துக் கொடுத்தாள். எட்டாம் நாள் ருக்கு தானாக எழுந்து உட்கார்ந்தாள்.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"இது என்ன இலைடீ?"

"இலை இல்லேப்பா, யூக்ளினா. குளத்துத் தண்ணியில இருக்கும். ஒரே செல்லுதான் மொத்த உடம்பும்."

"செடியா, ஜந்துவா?"

"ரெண்டு குணமும் உண்டு. வெளிச்சத்துல செடி மாதிரி தானே ஆகாரம் பண்ணிக்கும். இருட்டுல வச்சா வெளியிலேர்ந்து உறிஞ்சிக்கும்."

"அச்சா, கட்சி மாறிப் பயல்."

சிரித்துக்கொண்டே போனில் வீடியோ காட்டினாள். பச்சையாய் ஒன்று, நூல் மாதிரி எதையோ ஆட்டிக்கொண்டு நீந்திற்று. ஓரத்தில் சிவப்புப் பொட்டு.

"அது கண்ணோ?"

"கண்ணுன்னு இல்லே. வெளிச்சம் எங்கேன்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

"பின்னே அதுக்குப் பேர் என்னவாம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்கோ."

நாற்பத்தாறு வருஷமாக ருக்குவுக்குத் தெரியாமல் எதையும் அவள் இலையில் நான் போட்டதில்லை. சொல்லிவிட்டேன்.

"ஏன்னா, நீந்தறதா அது?"

"நீந்தறது."

"கண்ணு?"

"இருக்காப்லதான் இருக்கு."

டம்ளரைத் தள்ளி வைத்தாள். ரோஹிணி அழுதாள், கத்தினாள், டப்பாவிலிருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினாள். "தயிர்லகூட உசிர் இருக்கும்மா!"

"தயிருக்குக் கண்ணு கிடையாதுடீ. உங்கப்பா பொய் சொல்ல மாட்டார்."

அப்புறம் மோர்த் தெளிவு மட்டும்தான். எங்கள் துவாரகா ஃபிளாட்டின் பால்கனிக்குக் கட்டிலை இழுத்துப் போட்டேன். புகை மூட்டத்தில் பத்து மணிக்கு மேல்தான் சூரியன் அழுக்காய்த் தெரியும். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பாள். வெயிலைத் தின்று பிழைக்கிற உடம்பா அது? மார்கழி பிறப்பதற்குள் போய்விட்டாள்.

ரோஹிணி என்னோடு பேசுவதில்லை. டப்பா அலமாரியில் பாதி அப்படியே இருக்கிறது.

பொடியான பிறகு அது நீந்தாது என்று ருக்குவிடம் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய் இல்லை. அப்போது தோன்றவில்லை.