உப்புக் காணுமோ

...அந்த மயில்பச்சைச் சேலையை ஒரே பெண்ணுக்கு இரண்டு தடவை விரித்துக் காட்டிவிட்டோமே, அதற்குத்தான் முதலாளி அப்படிப் பார்த்தாரா, பார்த்துவிட்டுப் போகட்டும், கண்டி நகரத்துக் கொழும்பு வீதித் துணிக்கடையில் காலையிலிருந்து நின்ற நிலையில் நிற்கிறவளுக்கு எதை விரித்தோம் எதை மடித்தோம் என்று எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது, களைப்பு, வேறென்ன... அனுஷியா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களை மழை நனைத்த தார் ரோட்டில் வைத்தாள். குளிர்ந்தது, சுகமாகவும் இருந்தது. வாவி முடிந்து அம்பிட்டிய வீதி தொடங்கும் அந்த மூலையில்தான் மகேந்திரராசா ஐயாவின் சின்ன லொறி நிற்கும், ஒரு பக்கத் தகட்டை வெட்டித் தூக்கி முட்டுக்கொடுத்து, உள்ளே அடுப்பு, இடியப்பத் தட்டுகள், ஆவி பறக்கும் தேங்காய்ப்பால் சொதிப் பானை. ஐயா எழுபதைத் தாண்டிய யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து பாதி ஆயுள் போயும் அவருடைய பேச்சு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இங்கே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கும் இரண்டு பார்சல் கட்டிக்கொள்ள வேண்டும், கஜனி காலையிலேயே சொல்லிவிட்டாள், "எனக்கு கிளாஸ் இருக்கும்மா, நான் வர நேரமாகும், நீங்க ஒண்ணும் சமைக்காதீங்க, ஐயாகிட்ட வாங்கிட்டு வாங்க." போன மாதம் பகல் சமையலையும் அவளே எடுத்துக்கொண்டாள், "விடியக்காலையில எந்திரிச்சு ஏம்மா கஷ்டப்படுறீங்க, படுத்துத் தூங்குங்க." இப்படி ஒரு மகளைப் பெற என்ன தவம் செய்தோமோ. கடையிலேயே பகல் சாப்பாடு கிடைக்கிறவளுக்கு அந்த விடியற்காலைச் சமையலை வாயில் வைத்துப் பார்க்க நேர்ந்ததும் இல்லை, சட்டியை இறக்கி மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள், பொழுதுபட வந்து பார்த்தால் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும், கணவரிடம் கேட்டால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "நல்லா இருந்திச்சு" என்பார், அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு மனம் நிறைந்துவிடும்.

"வா பிள்ளை, கால் நோகுதோ? அப்பிடியே இரு, கொண்டுவாறன்." ஐயா தட்டில் இடியப்பத்தை அடுக்கினார், சொதிக்கு உப்புப் போட்டார், பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்கார ஸிபானிடம் மழையைப் பற்றி ஏதோ கேட்டார், திரும்பி மறுபடி உப்புப் போட்டார். அனுஷியா பார்த்துக்கொண்டே இருந்தாள். சரியாகத்தான் பார்த்தோமா, நம் கண்ணே இன்று நம்மிடம் இல்லையே... ஐயா அகப்பையால் கலக்கினார், எதையோ யோசித்தபடி நின்றார், மூன்றாவது தடவையும் கை உப்பு டப்பாவுக்குப் போனது. இந்த மனுஷன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்தால்தான் என்ன? பார்க்கமாட்டார். விற்கிற சாப்பாட்டில் விற்கிறவன் வாய் வைக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம், கடைசித் தட்டு போன பிறகு பாண் ரொட்டியைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பவர். அதனால்தான் முதல் வாய் வைக்கிற ஒவ்வொருவரிடமும் உப்புக் காணுமோ என்று கேட்பார், போதுமா என்பதை அப்படித்தான் கேட்பார்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். அந்தப் பதில்தான் அவருக்கு நாக்கு.

வாயில் வைத்தாள். கடல்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஸிபான் இடியப்பத்தைச் சம்பலோடு மட்டும் பிசைந்து தின்றுகொண்டிருக்கிறான், அவன் சொதி தட்டின் ஓரத்தில் அப்படியே கிடக்கிறது, அந்தப் பக்கம் இருந்த தம்பதி தண்ணீர்ப் போத்தலை மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் இது இன்றைக்கு மட்டும் இல்லையா? எல்லாருக்கும் தெரியுமா? ஸிபான் அவளைப் பார்த்தான், சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினான். ஏன் சொல்லக்கூடாது என்றும் எல்லாருக்கும் தெரியும்தானே, ஐயாவே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், "என்ர கை பிழைக்கிற அண்டைக்கு இந்த லொறியை வித்துப்போட்டுக் கனடாவில மகனிட்டப் போயிடுவன், அங்க அறைக்குள்ள கிடந்து சாகிறதுதான்" என்று. இப்போது துவாயில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்கிறார்.

"உப்புக் காணுமோ பிள்ளை? இவங்கள் எதைக் குடுத்தாலும் நல்லாயிருக்கெண்டுவாங்கள். நீயெண்டா உள்ளதைச் சொல்லுவாய்."

உள்ளதையா, நானா... பொழுது முழுக்க இந்தக் கலர் உங்களுக்கு நல்லா எடுக்குது, இந்தக் கரை உங்க நிறத்துக்கு அள்ளுது என்று வாய் கூசாமல் பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளிடம் வந்து உள்ளதைக் கேட்கிறாரே. சொல்லிவிடு, ஐயா கொஞ்சம் கரிக்குது என்று மட்டும் சொல், அவ்வளவுதானே... அவ்வளவுதானா? அந்த முகம் காத்துக்கொண்டு நின்றது. அவள் ஒரு மிடறு விழுங்கினாள், கொஞ்சம் பிந்தித்தான் சொன்னாள், "சரியா இருக்கு ஐயா." ஐயா சிரித்தார், பல்லில்லாத பக்கம் தெரியச் சிரித்தார், சிரித்துக்கொண்டே இன்னொரு அகப்பை சொதியை அவள் தட்டில் ஊற்றினார். ஊற்றியதையெல்லாம் குடித்தாள். வேறென்ன செய்ய.

பார்சல் பையோடு பஸ் தரிப்பில் வந்து நின்றபோது ஹந்தானை மலைப் பக்கம் முழுக்கப் பனி மூடியிருந்தது. பொய்யில் புண்ணியப் பொய் என்று ஒன்று இருக்கிறதா, அடுத்த தடவையும் கேட்பாரே, அடுத்த தடவையும் சொல்ல வேண்டுமே, பாவம், தான் சமைத்ததைத் தானே சாப்பிடாத மனுஷன், மற்றவர்கள் சொல்வதைத்தானே நம்ப வேண்டும்... தான் சமைத்ததைத் தானே சாப்பிடாத... தாகம் தொண்டையை இழுத்தது. கைபேசி அடித்தது.

"அம்மா, பார்சல் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன். கஜனி, நாளைக்கு எனக்கு லீவுதானே, காலையில நான் சமைக்கவா? கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறேன்."

"வேணாம்மா, நீங்க நல்லாத் தூங்குங்க."

"ஏன்டி, நான் வச்ச குழம்பெல்லாம் நல்லாத்தானே இருந்திச்சு?"

அந்தப் பக்கம் கிளாஸ் விட்டு வருகிறவர்களின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நல்லா இருந்திச்சும்மா."

கொஞ்சம் பிந்தி வந்தது அந்தப் பதில், ஒரு மிடறு விழுங்குகிற நேரம், அவ்வளவுதான், அந்த நேரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், சற்று முன்னால் அவளே ஐயாவுக்குக் கொடுத்ததுதானே. மயில்பச்சைச் சேலை, முதலாளியின் பார்வை, கழுவிக் கவிழ்த்த சட்டி... சாப்பிட்டுவிட்டுத்தான் கழுவினார்களா? கொட்டிவிட்டுக் கழுவினார்களா? அவரும் கஜனியும் அடுப்படியில் நின்று அம்மாவிடம் சொல்லாதே என்று தலையை ஆட்டிக்கொண்டார்களா... பாசம்தான், பாசம் இல்லாமல் வேறென்ன, ஆனாலும் ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே. பஸ் வந்து நின்றது, "நகின்ன, நகின்ன" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக் கண்டக்டர் தகரத்தில் தட்டினான். வீதி முனையில் ஐயா ஒரு புது ஆளுக்கு முன்னால் குனிந்து நின்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று அனுஷியா நினைத்தாள், நினைத்தபடியே பஸ்ஸில் ஏறினாள்.