ஆறு பல் பினியன்

உத்தமன் எதையும் திறந்து பார்க்காமல் மாட்டமாட்டார். லிங்கராஜபுரத்தில் லாரி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பாதிப் பேர் அதற்காகவே அவரிடம் வருவார்கள், மீதிப் பேர் அதற்காகவே வேறு மெக்கானிக்கைத் தேடிப் போவார்கள். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த புது பேரிங்கைக்கூட விரலில் மாட்டிச் சுற்றி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கீழே வைப்பார்.

சந்திரம்மாவின் தண்ணீர் லாரி அவரிடம் வந்து சேர்ந்தது மார்ச் மாத நடுவில். ஊர் முழுக்க போர்வெல்கள் வற்றிக்கொண்டிருந்த நேரம். ஹென்னூரைத் தாண்டி ஒரு பள்ளத்தில் முழு லோடோடு இறங்கியதில் பின் ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங் விரிசல் விட்டிருந்தது. எண்ணெய் முழுக்க ரோட்டில் கொட்டி, உள்ளே இருந்த பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துத் துப்பியிருந்தன. பள்ளத்தில் அவ்வளவு வேகமாக இறக்கியது டிரைவர் ஹரிஷ்குமார். முப்பது வயது. அவன் வேகத்தைப் பற்றி சந்திரம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் வந்திருந்தன, இரண்டும் அவள் தண்ணீர் ஊற்றும் பெரிய அபார்ட்மெண்டின் சங்கத்திலிருந்து. கேட்டுக்குள் குழந்தைகள் விளையாடுகிறார்கள், இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்பது இரண்டாவது கடிதத்தின் சாரம்.

உடைந்ததை எடைக்குப் போட்டுவிட்டு, சிவாஜிநகரின் பழைய இரும்புச் சந்தையான குஜிரியிலிருந்து பழைய ஆக்ஸில் ஒன்றைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு சந்திரம்மாவே வந்து இறங்கினாள். அதே கம்பெனி, அதே மாடல் வண்டியுடையது.

"நாளைக்கு சாயங்காலம் வண்டி ரோட்ல இருக்கணும் உத்தமன். பேகா, சீக்கிரம் முடிங்க."

"திறந்து பாத்துட்டுத்தான்கா மாட்டுவேன்."

"ஓடிட்டிருந்த ஆக்ஸில்தானேப்பா?"

"எங்க ஓடிச்சு, எப்படி ஓடிச்சுன்னு அது வாயத் தொறந்து சொல்லாதுக்கா. ஆறு நாள் குடுங்க."

சந்திரம்மா கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தாள். ஆனால் ஆறு நாள் கொடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொருவன் ஒரே நாளில் மாட்டிக் கொடுத்த கிளட்ச் நடுரோட்டில் கைவிட்ட அனுபவம் அவளுக்கு இருந்தது.

அந்த ஆறு நாளும் உத்தமன் வேறு வண்டியைத் தொடவில்லை. பழைய எண்ணெயை வடித்து, அடியில் தங்கிய இரும்புத் தூளை வெள்ளைத் துணியில் தடவிப் பார்த்தார். ஹவுசிங்கை டீசலில் கழுவி, சாக்பீஸ் பொடி பூசி, எங்காவது மயிரிழை விரிசல் கசிகிறதா என்று அரை நாள் காத்திருந்தார். வீல் பேரிங்குகள், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல்கள் எல்லாம் புதிதாக வாங்கினார். பிரேக் லைனிங்கை மாற்றினார். ஹவுசிங்குக்குக் காற்றுப் போகும் சிறு துளை மண்ணடைத்துக் கிடந்ததைக் கம்பியால் குத்தித் திறந்தபோது, "இதத் தொறக்காம மாட்டிருந்தா ஒரே மாசத்துல சீல் போயிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெரிய பல்சக்கரமான கிரவுனை வெளியே எடுத்து எண்ணினார். நாற்பத்தொன்று. இந்த மாடலில் இருக்க வேண்டியதும் நாற்பத்தொன்றுதான். அதைச் சுற்றவைக்கும் சின்னச் சக்கரமான பினியனின் ஒவ்வொரு பல்லையும் டார்ச் அடித்து, நகத்தால் தடவி, முனை உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். உதிரவில்லை. இரண்டையும் சேர்த்து நீலச் சாயம் பூசிச் சுற்றி, பல்லும் பல்லும் நடு மையத்தில் தொடும்வரை காகிதம்போன்ற தகடுகளை வைத்தும் எடுத்தும் ஒன்றரை நாள் மல்லாடினார். கடைசியில் கறுப்புப் பெயிண்ட் அடித்து நிறுத்தியபோது, புது ஆக்ஸில் என்று சொன்னால் யாரும் நம்பியிருப்பார்கள்.

வண்டி ஓடியது. சத்தமே இல்லை. லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் முழு லோடோடு அது ஏறிய விதத்தைப் பார்த்து ஹரிஷே, "மேடு இருக்கறதே தெரியலண்ணா" என்றான். உத்தமனுக்குச் சோறு இறங்காத அளவுக்கு மகிழ்ச்சி.

மூன்று வாரம் கழித்து ஹரிஷ் லாரி இல்லாமல் நடந்து வந்தான். முகம் கறுத்திருந்தது.

"அக்கா என்னைத் திருடன்னு சொல்லிட்டாங்கண்ணா."

போர்வெல்லிலிருந்து அபார்ட்மெண்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். இப்போது ஒவ்வொரு நடையிலும் மீட்டர் பதினான்கு காட்டுகிறது. நடையும் முன்னைவிட நேரமாகிறது. இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போய் எங்கேயோ டீசலை இறக்கி விற்கிறான் என்று சந்திரம்மா முடிவு செய்துவிட்டாள். சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"நான் அறுவதுல போறேன்ணா, ஆட்டோல்லாம் என்னைத் தாண்டிப் போவுது. இந்தா பாருங்க, ஃபோன் மேப்புல பன்னண்டுதான் காட்டுது. மீட்டருக்கும் ஃபோனுக்கும் யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க."

"ஃபோன்தான் பொய் சொல்லும்" என்றார் உத்தமன் உடனே. சொல்லிவிட்டு, விரல்விட்டுக் கணக்குப் போட்டார். கிலோமீட்டர் கணக்கு சக்கரத்திலிருந்து போவதில்லை. கியர்பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து, ஆக்ஸிலுக்கு முன்பே போகிறது. பன்னிரண்டு, பதினான்கு. ஆறு, ஏழு.

சந்திரம்மாவிடம் ஏதோ சாக்கு சொல்லி வண்டியை வரவழைத்தார். பின் டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, எஞ்சினிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் நீளமான ஷாஃப்டில் ஒரு கோடு. முதல் கியரில் வண்டியை ஊர்ந்து வரும்படி ஹரிஷிடம் சொல்லிவிட்டு, குனிந்தபடி பக்கத்திலேயே நடந்தார். டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் ஆறு சுற்றுக்குள் நிற்க வேண்டும். ஆறு தாண்டியது. கிட்டத்தட்ட ஏழில் வந்து நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை நடந்தார். மூன்றாவது தடவை நடக்க முதுகு இடம் கொடுக்கவில்லை.

பினியனில் ஏழு பல் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. அதே மாடலிலேயே மலைச்சரிவில் கல் ஏற்றும் டிப்பர்களுக்குப் போடுவது. இழுக்கும், ஓடாது. அந்த ஆறு பல்லில் ஒவ்வொன்றையும் நகத்தால் தடவிப் பார்த்தவர் அவர். எண்ணவில்லை.

முப்பது வருஷமாகச் சேர்த்த பெயர். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தார். எதிரே ஹரிஷ் தன் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"வண்டில ஏறு, அக்கா வீட்டுக்குப் போலாம்" என்றார்.

சந்திரம்மா வாசலிலேயே நின்றாள். உத்தமன் லாரிச் சாவியை அவளிடம் கொடுத்தார், உட்காரவில்லை.

"அக்கா, இவன் திருடல. தப்பு என்மேல. பினியன்ல ஒரு பல்லு கம்மியா இருக்கு, நான் கவனிக்கல. வண்டி மெதுவாத்தான் போவும், மீட்டர்தான் ஜாஸ்தி காட்டும். வேற ஆக்ஸில் பாத்து நானே மாத்திக் குடுத்துடறேன்."

சந்திரம்மா உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தாள். அபார்ட்மெண்ட் சங்கத்தின் மூன்றாவது கடிதம், அன்று காலைதான் வந்தது. உங்கள் ஓட்டுநர் முற்றிலும் மாறிவிட்டார், குழந்தைகள் அவருக்குக் கை காட்டுகிறார்கள், அடுத்த வருஷமும் உங்களிடமே தண்ணீர் வாங்கத் தீர்மானித்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது.

"இவனுக்கு நான் ரெண்டு வருஷமா சொல்றேன், கேக்கல. நீங்க ஒரு பல்லப் புடுங்கி வழிக்குக் கொண்டாந்துட்டீங்க."

"புடுங்கலக்கா. தெரியாம நடந்துபோச்சு."

"ஆறு நாள் தொறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தவருக்கு இது தெரியாதா?" சந்திரம்மா சிரித்தாள். "போங்க உத்தமன். இவன் மனசு நோகும்னுதானே இப்படிச் சொல்றீங்க. ஆக்ஸில் அப்படியே இருக்கட்டும்."

சாவியை ஹரிஷிடம் நீட்டினாள். திருடன் என்று சொன்னதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "காபி குடிச்சிட்டுப் போ" என்றாள். அவள் அளவில் அது பெரிய விஷயம். திரும்பி வந்து உத்தமனை இறக்கிவிடும்போது ஹரிஷ், "திருடன் இல்லன்னு ஆச்சு. ஆனா சாவற வரைக்கும் ஐம்பதுலதான் போவணும், இல்லண்ணா?" என்றான்.

செய்தி சந்திரம்மா வாயிலிருந்து கிளம்பி பிரேசர் டவுன்வரை போய்விட்டது. டிரைவரைத் திட்டாமல், அடிக்காமல், ஆக்ஸிலைக் கொண்டே திருத்தும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பள்ளி வேன்காரர்கள் வந்தார்கள். காஸ் சிலிண்டர் வண்டிக்காரர் வந்தார். எல்லோரிடமும் உத்தமன், "அது தப்பா நடந்ததுங்க, நான் எண்ணிப் பாக்கல" என்றார். எவ்வளவு தன்னடக்கம் என்று அவர்கள் தலையாட்டினார்கள். முப்பது வருஷம் சரியாகச் செய்த வேலைக்குக் கிடைக்காத மரியாதை அது. வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

கடைசியாக வந்தவர் வெங்கடசாமி. நான்கு தண்ணீர் லாரி வைத்திருப்பவர். நான்குக்கும் அதேபோல் வேண்டும் என்றார்.

"நல்ல வண்டிக்குத் தப்பான பினியன நான் தெரிஞ்சே மாட்டமாட்டேங்க."

"அந்தம்மாவுக்கு மட்டும் மாட்டுவீங்க, எனக்கு மாட்டமாட்டீங்களா?"

கோபித்துக்கொண்டு போய்விட்டார். நாலு நாள் கழித்து ஹரிஷ் வந்து சொன்னான்: வெங்கடசாமி வேலையை இரண்டு தெரு தள்ளி இருக்கும் மெக்கானிக் நாகேஷிடம் கொடுத்துவிட்டாராம். நாகேஷும், "ஆறு பல்லு வித்தைதானே, எனக்கும் தெரியும்" என்று சொல்லி, டிப்பர் ஆக்ஸில் ஒன்றை வாங்கி, திறக்காமலே, ஒரே நாளில் மாட்டிவிட்டானாம்.

உத்தமன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். இத்தனை நாள் வராத கோபம் இப்போது வந்தது. தன் தவறை இன்னொருவன் இவ்வளவு அரைகுறையாகச் செய்வதை அவரால் தாங்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, வெயிலில் இரண்டு தெரு நடந்து நாகேஷின் ஷெட்டுக்குப் போனார்.

"சீலாவது மாத்தினியாடா?" என்று கேட்டார்.