பேக்கரி அக்காவின் வாக்கியம்

மாலை ஆங்கில வகுப்பில் பேக்கரி அக்காவுக்குப் பிடிபடாத பாடம் ஒன்றுதான். இல்லாததை இருப்பதுபோலக் கற்பனையாகச் சொல்லும்போது ‘ஐ வாஸ்’ கூடாது, ‘ஐ வேர்’ போட வேண்டும் என்று டீச்சர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவாள். அக்காவோ, “நான் மட்டும் முதலாளியாக இருந்தால்” என்ற ஒரே வாக்கியத்தை ‘வாஸ்’ போட்டே எழுதி, வாரம் தவறாமல் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

“மாவு பிசையற கைக்கு முதலாளி கனவா?” என்று பக்கத்து பெஞ்ச் டிரைவர் வேறு சீண்டுவார்.

இன்று நோட்டைப் பார்த்த டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள்.

“என்னக்கா, இப்ப ‘ஐ ஆம்’னு எழுதியிருக்கீங்க? ‘நான் முதலாளி’ன்னே ஆயிடுச்சே! கற்பனையாத்தானே எழுதச் சொன்னேன்?”

அக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி மேசைமேல் டமாரென்று போட்டாள்.

“காலையிலதான் கையெழுத்துப் போட்டுக் கடைய வாங்கினேன் டீச்சர். இனிமே அதுல என்ன கற்பனை வேண்டிக் கிடக்கு?”

வகுப்பே கைதட்டியது. “டெலிவரிக்கு ஆள் வேணுமாக்கா?” என்று டிரைவர் குழைந்தார்.

“சரிக்கா, வேற ஒண்ணு எழுதுங்க,” என்றாள் டீச்சர் சிரித்துக்கொண்டே.

அக்கா நெஞ்சை நிமிர்த்திப் பேனாவை மூடினாள்.

“எங்கிட்ட இல்லாதது என்னன்னு யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்.”