இரட்டைப் பிடித்தம்

"என் காசை நான் எடுக்கறதுக்கு இவங்களுக்கு எதுக்குக் கப்பம் கட்டணும்?"

செயலாளர் போட்ட கூச்சலில்தான் அடுப்பில் இருந்த பால் பொங்கியது என்று சொன்னால் நம்பலாம். அவர் மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைப்பதற்குள் பாதிப் பால் மேடையில் ஓடியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பாட்டு விழுந்திருக்கும். அன்றைக்கு அவர் கண் செல்போனை விட்டு நகரவில்லை. வங்கியில் பணம் எடுத்தாலும், ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றினாலும், முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு தடவையும் அரசாங்கம் ஒரு கட்டணம் பிடிக்கப் போகிறதாம்.

"நான் வேர்வை சிந்திச் சம்பாதிப்பேன். நடுவுல ஒருத்தன் வந்து நோகாம கை வைப்பானா?"

அவள் மேடையைத் துடைத்துவிட்டு, துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, சமயம் பார்க்கத் தெரியாமல் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, அந்தக் கண்ணாடி விஷயம்..."

"எந்தக் கண்ணாடி?"

"எனக்குத்தாங்க. ஊசிக்கண்ணே தெரிய மாட்டேங்குது. இன்னொரு தடவை காலர் கோணலாப் போச்சுன்னா மெஷினை விட்டு எழுப்பிடுவேன்னு சூப்பர்வைசரம்மா சொல்லிட்டாங்க. பிசிறு வெட்டுற மேசையில போட்டுடுவாங்க. அங்க பாதிச் சம்பளம்தான்."

"ஊரே கொதிச்சுக் கிடக்கு, உனக்குக் கண்ணாடி கேக்குதா? அடுத்த மாசம் பார்க்கலாம்."

இந்த 'அடுத்த மாசம்' அவளுக்குப் பழகிய ஆள். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லுமே தவிர வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை.

செயலாளர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். பெயிண்ட் கடையில் கணக்கு எழுதுகிறவர். குடியிருந்த அடுக்குக் கட்டடத்துச் சங்கத்துக்குச் செயலாளர். தண்ணீர் மோட்டார் ரிப்பேரானாலும் குப்பை வண்டி வராவிட்டாலும் அவர்தான் முன்னால் நிற்பார். நல்லவர் என்று பெயர். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். இந்த இரண்டையும் செய்யாத ஆணிடம் வேறு எதையும் யாரும் கேட்பதில்லை என்பதால், மனைவியின் வங்கிக் கார்டு ஏன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது என்றும் யாரும் கேட்டதில்லை.

அவள் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கிறவள். சம்பளம் அவள் பெயரில் இருந்த கணக்குக்கு வரும். வந்த மூச்சு அடங்குவதற்குள் செயலாளர் அதைத் தன் கணக்குக்கு மாற்றிவிடுவார். பிறகு தினமும் காலையில் அவள் வாசற்படியில் நின்று பஸ்ஸுக்குக் காசு கேட்பாள். அவரும் 'நேத்துக் கொடுத்தது என்னாச்சு?' என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். அந்தக் கட்டடத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் இதே கதைதான். பெண்களுக்குக் கார்டின் நாலு ரகசிய எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ள வராது என்பது அங்கிருந்த ஆண்களின் கண்டுபிடிப்பு. மூன்றாம் மாடி நர்ஸ் ஒரு வார்டு முழுவதற்கும் மருந்து நேரத்தைத் தலையிலேயே வைத்திருந்தாள். அவள் கார்டும் புருஷன் பையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் நாற்காலிகளில், பெண்கள் துணி காயப்போடும் கொடிகளுக்குப் பின்னால். செயலாளருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"இதுல இருக்கிற அநியாயத்தைக் கவனிங்க! என் வீட்டம்மா சம்பளத்தை அவ கணக்குல இருந்து என் கணக்குக்கு மாத்தறேன். ஒரு தடவை பிடிக்கிறான். என் கணக்குல இருந்து செலவுக்கு எடுக்கறேன். மறுபடியும் பிடிக்கிறான். ஒரே காசுக்கு ரெண்டு பிடித்தம்! இது பகல் கொள்ளையா இல்லையா?"

"கொள்ளைதான்!" என்றார்கள் நாற்காலிக்காரர்கள். எல்லோருக்கும் அந்த இரட்டைப் பிடித்தம் சுருக்கென்று தைத்திருந்தது.

கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் இருந்து நர்ஸ் கேட்டாள். "ஒரு சந்தேகம். அக்கா பணத்தை அக்காவே எடுத்தா ஒரு தடவைதானே பிடிப்பாங்க? ரெண்டு தடவை எங்கேருந்து வருது?"

யாரோ பெண்கள் பக்கத்தில் களுக்கென்று சிரித்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"அது குடும்ப விஷயம்மா," என்றார் செயலாளர். "பொது விஷயம் பேசறப்போ அதை எதுக்கு இழுக்கறே?"

பொது விஷயம் தீர்மானமானது. முதல் வாரம் முழுக்க யாரும் வங்கிக் கணக்கைத் தொடக்கூடாது. எடுப்பதும் இல்லை, மாற்றுவதும் இல்லை. ஒரு காசு கூடக் கட்டணம் விழாமல் அரசாங்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் மைக் வைத்துக் கண்டனக் கூட்டம். செயலாளர் நெஞ்சில் கைவைத்து முதல் ஆளாக உறுதி சொன்னார். அந்த வாரத்தில்தான் மனைவிக்குச் சம்பள நாள் வருகிறது என்பது ஆவேசத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை சம்பளம் வந்தது. வந்ததைச் சொல்லும் செய்தியும் வழக்கம்போல் அவர் போனுக்கே வந்தது. அவருக்குக் கை நமநமவென்றது. போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். உறுதிமொழி எடுத்த வாய் அருகிலேயே இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"கிடக்கட்டும்," என்றார் மனைவியிடம், ஏதோ தானம் கொடுப்பவர்போல. "கார்டு என்கிட்ட இருக்கு. நம்பரும் எனக்குத்தான் தெரியும். எங்க போயிடப் போகுது?"

அன்றைக்கே கம்பெனியில் அவள் வைத்த காலர்களில் ஒரு கட்டு முழுக்கத் திரும்பி வந்தது. சூப்பர்வைசரம்மா ஒரு சட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே விரித்தாள். காலரின் ஒரு முனை மேலே பார்த்தது, இன்னொன்று கீழே பார்த்தது.

"உன் கை நல்ல கைதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா கண்ணு வரலையே. திங்கட்கிழமை கண்ணாடியோட வா. இல்லேன்னா பிசிறு மேசைக்குப் போயிடு. மெஷினுக்கு வேற பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வந்தது. கூடவே, போர்வைக்குப் பின்னால் இருந்து வந்த நர்ஸின் கேள்வியும் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பாஸ்புக் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. அதை யாரும் பூட்டி வைக்கவில்லை. பூட்ட வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. வெள்ளிக்கிழமை காலை அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் காசு கேட்டாள். 'நேத்துக் கொடுத்தது என்னாச்சு?' என்று கேட்டார். பதில் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

வங்கி கம்பெனி வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. மதிய இடைவேளையில் சாலையைக் கடப்பதற்குள் அவள் சாப்பாட்டுப் பையை மூன்று தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். திருடப் போகிறவளுக்குக்கூட இவ்வளவு படபடப்பு இருந்திருக்காது. கவுன்டரில் இருந்த பெண் நிமிராமலே சொன்னாள்.

"திட்டறதா இருந்தா சீக்கிரம் திட்டிடுங்க. காலையில இருந்து வர்றவங்க எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க, என்னவோ நான்தான் இந்தக் கட்டணத்தைப் போட்ட மாதிரி."

"திட்ட வரலைங்க. பணம் எடுக்க வந்தேன். கார்டு இல்லை, புக்கு இருக்கு."

"போதும். கட்டணம் பிடிப்பாங்க, பரவாயில்லையா?"

"ரெண்டு தடவைங்களா?"

"உங்க பணத்தை நீங்க எடுத்தா எதுக்கு ரெண்டு தடவை? ஒரு தடவைதான்."

அவள் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாள், பின்னால் ஆள் இல்லாமல் இருந்திருந்தால். கேட்க வேண்டிய இன்னொன்றைக் கேட்டாள்.

"வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமாங்க?"

அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்தாள். "அவருக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் சீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கட்டம் கண்ணுக்குத் தெரியாததால் கையெழுத்து ஒரு பக்கம் கட்டத்துக்கு வெளியே போய் நின்றது. இரண்டாவது சீட்டிலும் அதே கதி. கவுன்டர் பெண் அலுத்துக்கொண்டே தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணாடித் தடுப்பின் இடுக்கு வழியாக நீட்டினாள். மூன்றாவது சீட்டில் அவள் பெயர் கட்டத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்தது.

அதே நேரத்தில் பெயிண்ட் கடையில் செயலாளரின் போன் சிணுங்கியது. பணம் எடுக்கப்பட்டிருக்கிறது, கட்டணமும் பிடிக்கப்பட்டிருக்கிறது என்றது செய்தி. சட்டைப் பையைத் தடவினார். கார்டு பத்திரமாக இருந்தது. கார்டு இங்கே, நம்பர் தன் தலைக்குள்ளே, அப்படியானால் எடுத்தது யார்? கணக்குக்குச் சொந்தக்காரி எடுத்திருக்கலாம் என்ற எண்ணத்தைத் தவிர மற்ற எல்லா எண்ணமும் அவருக்கு வந்தது. கடைசியில் அரசாங்கமே கைவைத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். கோபத்தோடு கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்ததாகச் சொல்ல வேண்டும். சாயங்காலப் பேச்சுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்குமா?

சாயங்காலம் தெருவே கட்டட வாசலில் கூடியிருந்தது. 'எங்கள் பணத்தில் கைவைக்க நீ யார்?' என்று அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"என் வீட்டிலேயே நடந்திருக்கு! நாங்க கணக்கைத் தொடவே இல்லை. கார்டு இதோ, என் பையில! நம்பர் என்னைத் தவிர ஒரு குஞ்சுக்கும் தெரியாது! ஆனாலும் இன்னைக்கு மத்தியானம் பணம் போயிருக்கு! என்னைக் கேக்காம, எனக்குத் தெரியாம, யாரு எடுத்தது? பதில் வேணும்!"

"பதில் வேணும்!" என்று கூட்டம் அலறியது.

"நான்தாங்க எடுத்தேன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி சாப்பாட்டுப் பையோடு வாசல் கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். மூக்கின்மேல் புதுக் கண்ணாடி. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தெளிவாகத் தெரிந்தது அவளுக்கு. அத்தனை முகம் தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். இருந்தாலும் நடந்து முன்னால் வந்தாள்.

"கண்ணாடிக்குத்தாங்க. அடுத்த மாசம்னா என் மெஷின் போயிடும்."

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. மைக் கையில் இருப்பதை மறந்து கேட்டார். "யாரைக் கேட்டு எடுத்தே?"

கேள்வி தெருக்கோடி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அட்டை பிடித்திருந்தவர் தன் அட்டையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே இறக்கினார்.

"யாரைங்க கேக்கணும்? என் பேர்ல இருக்கிற பணம்னு பேங்குல சொன்னாங்க." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொல்லி முடித்தாள். "அரசாங்கம் கைவச்சா, இவ்வளவு எடுத்தேன்னு ஒரு மெசேஜாவது அனுப்புதுங்க. நீங்க இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட எனக்கு அனுப்பலையே."

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆண்களில் நாலைந்து பேர் எதையோ தேடுகிறவர்கள்போலச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்கள்.

"சரி சரி, இதை வீட்டுல பேசிக்கலாம்," என்றார் செயலாளர், அசடு வழிய.

"வீட்டுல மைக் இல்லைங்க. நான் பேசினா உங்களுக்குக் கேக்காது. கார்டைக் கொடுங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். இத்தனை வருஷம் தண்ணீருக்கும் குப்பைக்கும் அவர் பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட இப்போது முகம் கொடுக்கவில்லை. கார்டை எடுத்து நீட்டினார்.

"நம்பரு?"

தலையைக் குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். மைக்குக்கு முணுமுணுப்பு என்றால் என்னவென்று தெரியாது.

"நம்ம வண்டி நம்பர்தான்," என்று தெரு முழுக்க ஒலித்தது.

கூட்டத்தோடு கூட்டமாக அவரும் திரும்பி, கேட்டுக்குப் பக்கத்தில் தினமும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் தன் ஸ்கூட்டரைப் பார்த்தார். கொட்டை எழுத்தில் எண் எல்லோருக்கும் தெரிந்தது.

"பரவாயில்லைங்க," என்றாள் அவள், கார்டைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே. "நாளைக்குக் காலையில மாத்திடறேன். இந்தத் தடவை நம்பரை நான் வச்சுக்கறேன்."