நூறில் இரண்டு பங்கு

லேத் வேலை படிக்கப் போகிறேன் என்று என் மருமகள் சொன்னபோது வேண்டாம் என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் பயிற்சி நிலையத்தில் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு அந்த வயது நிறைய ஒரு மாதம்தான் பாக்கி. ஒற்றைக் காலில் நின்று சேர்ந்துவிட்டாள். ஒரு வருஷம் ஓடி, கடைசித் தேர்வும் வந்தது. அதில் தோற்றால் மறுபடி எழுத வயது இடம் கொடுக்காது. ஒரு தொழிற்சாலையில் அவளுக்காக மெஷினை எடுத்து வைத்திருந்தார்கள். தேறினால் வேலை, இல்லையென்றால் வீடு.

அதே பயிற்சி நிலையத்தில் கருவி அறை என் பொறுப்பு. ஜன்னல் வழியாகக் கருவி கொடுப்பேன், அடையாள அட்டையை வாங்கி ஆணியில் மாட்டுவேன். கருவி திரும்பி வந்ததும் துடைத்து, சோதித்து, அப்புறம்தான் அட்டை. முதல்வரே வந்தாலும் அப்படித்தான். பையன்கள் எனக்கு 'சந்தேகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "டேய், சந்தேகத்துக்கிட்ட போய் ஒரு மைக்ரோமீட்டர் வாங்கிட்டு வாடா" என்று என் காதுபடவே கத்துவார்கள். கத்தட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எதையும் அளந்து பார்க்காமல் நம்பியிருந்தால் என்னை எப்போதோ விற்றுத் தின்றிருப்பார்கள்.

தேர்வன்று வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வரும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவரும் அட்டையைக் கொடுத்துத்தான் தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டரை வாங்கினார். முகம் சுளித்தார். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

நாற்பது மில்லிமீட்டர் தடிமனுக்கு ஓர் இரும்புத் தண்டு கடைய வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு கூடலாம், ஒரு பங்கு குறையலாம். அதற்கு மேல் போனால் கழிவு. மருமகளுக்குக் கிடைத்த மெஷினில் குளிர்நீர் பம்ப் வேலை செய்யவில்லை. காலையிலேயே சொன்னாள். "இருக்கறத வச்சுப் பண்ணும்மா" என்றார் அதிகாரி. வெறும் இரும்பை வெறும் உளி அறுத்தது. இரும்புச் சுருள் நீல நிறத்தில் புகைந்துகொண்டு விழுந்தது. அவள் தண்டைக் கழற்றவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

அதிகாரி வந்தார். கையில் கழிவுத் துணியைச் சுற்றிக்கொண்டு தண்டை எடுத்தார், அளந்தார்.

"ரெண்டு பங்கு அதிகம். போச்சு."

"சார், சூடா இருக்கு. ஆறினா சுருங்கும். அதுக்குத்தான் ரெண்டு விட்டு வச்சேன்."

"எல்லாரும் இப்படித்தான் ஒரு கதை வச்சிருக்கீங்க."

"கதையா? அப்ப எதுக்கு சார் துணி சுத்திப் பிடிச்சிருக்கீங்க?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. தாளில் நாற்பதே நூறில் இரண்டு என்று எழுதி, 'தேர்ச்சி இல்லை' என்று கோடு போட்டார். தண்டைக் கழிவு போடுகிற சிவப்புத் தட்டில் எறிந்தார். அவள் அதை அங்கிருந்து எடுத்தாள்.

"அதைத் தொடக் கூடாது!"

"தொட்டுட்டேன் சார். என்ன எழுதணுமோ எழுதிக்கங்க."

தண்டை அளவு மேசையின் இரும்புப் பலகைமேல் வைத்து, விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

அவர் விறுவிறுவென்று என் ஜன்னலுக்கு வந்து மைக்ரோமீட்டரை நீட்டினார். "அட்டையக் குடுங்க பெரியவரே. அது இல்லாம வாசல்ல வாட்ச்மேன் விட மாட்டான்."

"வரிசை இருக்குதுங்களே" என்றேன்.

அவருக்கு முன்னால் பதினெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மற்ற நாளில் கருவியை வீசிவிட்டு ஓடுகிற பையன்கள். அன்றைக்கு ஒவ்வொருவனும் துடைத்தான், எண்ணெய் போட்டான், மறுபடி துடைத்தான். "ஐயா, இதுல ஒரு தூசி இருக்கற மாதிரி இருக்கே" என்று ஒருவன் இரண்டு தடவை திரும்பி வந்தான். நானும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், மருமகள் சொன்னதை நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் அதிகாரியையும் நம்பவில்லை. ஆற வைத்து அளந்தால் தெரிந்துவிடப் போகிறது, அதற்கு என்ன அவசரம்?

முக்கால் மணி நேரம் போயிற்று. அவர் முறை வந்தது. மைக்ரோமீட்டரைச் சோதனைக் கட்டையில் வைத்துப் பார்த்தேன். முடியளவும் பிசகில்லை.

"கருவி சரியா இருக்குதுங்க."

"அப்ப அட்டை."

மருமகள் தண்டோடு வந்து நின்றாள். "உங்க கருவி, உங்க கை. ஒரு தடவை அளந்துட்டுப் போங்க சார்."

"எழுதியாச்சும்மா."

"அளக்கலைன்னா நான் எழுதுவேன்" என்றேன். "என் பதிவேட்டுல. இந்தத் தண்டு இப்ப எவ்வளவு காட்டுதுன்னு. கீழ இந்தப் பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போடுவாங்க."

"மிரட்டறீங்களா?"

"ஆமாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பையன்களைப் பார்த்தார். ஒருவனும் நகரவில்லை. தண்டை வாங்கினார். இந்தத் தடவை துணி தேவைப்படவில்லை. ஒரு முனையில் அளந்தார், நடுவில் அளந்தார், மறு முனையில் அளந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா சொல்லுங்க சார், எனக்குக் காது மந்தம்" என்றேன். காதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"நாப்பது."

"அதுக்கு மேல?"

"ஒண்ணுமில்ல. நாப்பதுதான்."

பழைய எண்ணையும் 'தேர்ச்சி இல்லை'யையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பக்கத்தில் போட்ட கையெழுத்தில் தாளே கிழிந்தது. நான் எண்ணை மட்டும் பார்த்தேன். தெளிவாக இருந்தது. அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பையன்கள் போட்ட கூச்சலில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

வீட்டுக்குப் போகும்போது அவள் கேட்டாள். "நீங்களும் என்னை நம்பலைதானே மாமா?"

"ஆமா, நம்பல."

"நானும் உங்களை நம்பல. அட்டையக் குடுத்து அனுப்பிடுவீங்கன்னுதான் நினைச்சேன்."

மறு வாரமே வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு முதல்வர் அறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேர்வு அதிகாரியை வேண்டுமென்றே காக்கவைத்தது ஏன், விளக்கம் தருக. வேண்டுமென்றேதான் காக்கவைத்தேன், இனி வந்தாலும் காக்கவைப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஏகப்பட்ட எழுத்துப் பிழை என்று அலுவலகத்தில் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். என்ன எழுதியிருக்கிறேன் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.